மருந்தியல் படித்த பிள்ளை எந்த வேலைக்குப் போகும்?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மருந்து என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டிரெசர் ஐயாவின் அறைதான். வீட்டிலிருந்து போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்போம். காய்ச்சலுக்கு ஒரு கலவை, இருமலுக்கு ஒரு கலவை, வெட்டுக் காயத்திற்கு மஞ்சள் மருந்து. நோயைப் பார்த்தவரும் அவரே; மருந்தை ஊற்றிக் கொடுத்தவரும் அவரே; கட்டுப் போட்டவரும் அவரே.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பிறகும் இந்த அனுபவம் பெரிதாக மாறவில்லை. இந்நாட்டில் தனியார் கிளினிக்குக்குப் போனால், டாக்டர் பார்க்கிறார். அந்தக் கிளினிக்கிலேயே மருந்தும் தருகிறார்கள். ஆகவே டாக்டர் வேறு, மருந்தாளுநர் வேறு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றவே இல்லை. அரசாங்க மருத்துவமனையில் எண் கூப்பிட்டதும் மருந்துப் பையை நீட்டுகிறவரை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் என்ன படித்தார், கண்ணாடிக்கு அப்பால் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இப்போது நம் பிள்ளைகளே அந்தப் படிப்பைப் படிக்கிறார்கள். நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டமும் வாங்கி வருகிறார்கள். வந்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. அடுத்து என்ன? மருத்துவமனையா, மருந்துக் கடையா, மருந்து ஆலையா? இதை எது தீர்மானிக்கிறது? இன்றைய உரையில் இதைப் பற்றித்தான் நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். பேராவில் ஒரு செம்பனைத் தோட்டம். தந்தை குலை வெட்டுபவர். தாயார் நாற்று மேடையில் வேலை செய்தவர். மூத்த மகள் மருந்தியல் பட்டம் பெற்று வீட்டுக்கு வந்தாள். சில வாரங்களில் சரவாக்கிலுள்ள அரசாங்க மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக்கு இடம் வந்தது. அதே வேளையில், ஈப்போவில் பயிற்சியாளரை எடுத்துக்கொள்ளும் மருந்தகம் ஒன்றும் அவளை அழைத்தது.

“பெண் பிள்ளையைக் கடல் தாண்டி எப்படி அனுப்புவது? ஈப்போ என்றால் வாரா வாரம் வீட்டுக்கு வரலாம்” என்றார் தாயார்.

“அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா?” என்றார் தந்தை.

மகள் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் இரவு தந்தை மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, அங்கே போனால் காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் நீ என்ன வேலை செய்வாய்?”

அந்த ஒரு கேள்விக்கு மகள் ஒரு மணி நேரம் பதில் சொன்னாள். படிக்கும்போது வார்டு ஒன்றில் சில வாரம் பயிற்சி பெற்றதைச் சொன்னாள். அங்கே ஒரு முதியவர் அடிக்கடி மயங்கி விழுகிறார் என்று சேர்க்கப்பட்டிருந்தார். அவர் கொண்டு வந்த மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தபோது, ஒரே இரத்த அழுத்த மாத்திரை இரண்டு வெவ்வேறு பெயர்களில் இருந்தது. ஒன்று அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது. மற்றொன்று தனியார் கிளினிக்கில் வாங்கியது. பெரியவர் இரண்டையும் தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் சொன்னவர் அந்த வார்டின் மருந்தாளுநர். “அன்றைக்கே மருத்துவமனை வேலைதான் என்று முடிவு செய்துவிட்டேன், அப்பா” என்றாள் மகள்.

“இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?” என்று தாயார் கேட்டார்.

“நீங்கள் கேட்கவே இல்லையே, அம்மா.”

நேயர்களே, நான்கு ஆண்டுகளாக அந்தப் பெற்றோர் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்கள்; தேர்வு எப்போது என்று கேட்டார்கள்; சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். படிப்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. நமக்குத் தெரியாத படிப்பைப் பற்றி என்ன கேட்பது என்ற கூச்சம் நம் அனைவருக்கும் உண்டு. அந்தக் கூச்சம் நீங்க வேண்டுமானால், அந்தத் தொழிலின் அமைப்பை நாமும் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்நாட்டில் மருந்தியல் பட்டப் படிப்பு முதன்முதலில் 1972ஆம் ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தில் தொடங்கியது. அதற்கு முன் இப்படிப்புக்குச் சிங்கப்பூருக்கோ வேறு நாடுகளுக்கோ போக வேண்டியிருந்தது. இன்று அரசாங்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றிலும், தனியார் பல்கலைக் கழகங்கள் பலவற்றிலும் இப்படிப்பு உண்டு. நம்மவர்க்கு நன்கு அறிமுகமான, கெடா மாநிலத்தின் பீடோங்கிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக் கழகமும் அவற்றுள் ஒன்று.

பட்டம் பெற்றவுடன் ஒருவர் மருந்தாளுநர் ஆகிவிடுவதில்லை. 1951ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பதிவுச் சட்டப்படி மலேசிய மருந்தக வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு. அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. மருந்துச் சட்டங்களைப் பற்றிய தேர்விலும் தேற வேண்டும். அதற்குப் பிறகே முழுப் பதிவு. வாரியம் அங்கீகரிக்காத பட்டத்தை வைத்துக்கொண்டு பதிவு பெற இயலாது. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முன்பே, அந்தப் பல்கலைக் கழகத்தின் அந்தப் படிப்பு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் முதற்கடமை.

இங்கே இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். மருந்தகத்தில் உதவி மருந்தக அதிகாரி என்ற பணியும் உண்டு. அதற்கு எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் டிப்ளோமா படித்தால் போதும். அதுவும் மதிப்புள்ள வேலையே. ஆனால் டிப்ளோமா வேறு, பட்டம் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கல்லூரியில் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது.

இனி, பட்டம் பெற்றவர்களை ஒவ்வொரு பாதையில் திருப்பி விடுபவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, பிள்ளை இந்தப் படிப்புக்கு எப்படி வந்தது என்பது. சிலர் விரும்பி வருகிறார்கள். சிலர் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல் இங்கே வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் பலர் இரண்டாம் ஆண்டிலேயே இதில் பற்றுக் கொண்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் யாரேனும், “டாக்டருக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் இது” என்று விருந்தாளிகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை தன் தொழிலை எப்படி மதிக்கும்? மனத்தில் தாழ்வு புகுந்தவர், கிடைத்த வேலையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். இது நம் நாவால் விளையும் கேடு. நம்மாலேயே இதை நிறுத்தவும் முடியும்.

இரண்டாவது, படிக்கும் காலத்தில் கண்ணால் கண்டது. மாணவர்களை மருத்துவமனைக்கும், மருந்துக் கடைக்கும், ஆலைக்கும் சில வாரங்கள் அனுப்புகிறார்கள். அங்கே பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஒரு மூத்தவர் வாய்த்தால், அந்தத் துறையே பிள்ளைக்குப் பிடித்துப் போகிறது. நாள் முழுதும் பெட்டி அடுக்கச் சொல்லி அனுப்பினால், அந்தத் துறையே கசந்து போகிறது. பேரா மகள் மருத்துவமனையைத் தேர்ந்ததற்கு ஒரு வார்டில் கண்ட ஒரு காட்சியே காரணமாயிற்று அல்லவா? ஆனால் ஒரே ஓர் இடத்தைப் பார்த்து முழுத் தொழிலையும் முடிவு கட்டுவது சரியாகாது. விடுமுறையில் வீட்டில் சும்மா இருப்பதைவிட, பிள்ளை வேறோரு வகை மருந்தகத்தில் சில வாரம் வேலை பார்த்து வந்தால் நன்மை.

மூன்றாவது, சட்டமும் அரசாங்கத்தின் ஏற்பாடும். 2004ஆம் ஆண்டில் மருந்தாளுநர்களுக்குக் கட்டாய அரசாங்கப் பணி அறிமுகமாயிற்று. பின்னர் அதன் கால அளவு குறைக்கப்பட்டது. பயிற்சியையும் அரசாங்க மருத்துவமனையில் மட்டுமன்றி, அங்கீகாரம் பெற்ற தனியார் இடங்களிலும் செய்ய வழி திறந்தது. பட்டதாரிகள் பெருகினர், அரசாங்கத்தின் நிரந்தர இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய டாக்டர்களையும் மருந்தாளுநர்களையும் ஒப்பந்த முறையில் நியமிக்கத் தொடங்கினார்கள். அரசாங்க வேலை என்றால் பென்ஷன் வரை உறுதி என்று நாம் வழிவழியாக நம்பி வந்தோம். அந்த நம்பிக்கையை வைத்து மட்டும் பிள்ளையை இன்று வழிநடத்த இயலாது. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே பட்டம் பெறும் ஆண்டில் என்ன விதி நடப்பில் இருக்கிறது என்று மருந்தக வாரியத்திடமே கேட்டறிவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கு ஐந்தாண்டுக்கு முன் நடந்தது நம் மகனுக்கும் நடக்கும் என்பதில்லை.

நான்காவது, பணம். தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடன் வாங்கியே படிக்கிறார்கள். 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனை நாம் எல்லோரும் அறிவோம். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே அறிந்திருக்க வேண்டும். கடனோடு வெளியே வரும் பிள்ளை, எங்கே சம்பளம் உடனே கிடைக்கும் என்று பார்ப்பது இயற்கை. தம்பியின் பள்ளிச் செலவும் அதன் தலையில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய மருந்தகத் தொடர்க் கடைகளும் மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரிவும் பலரை இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“சொந்தமாக ஒரு மருந்துக் கடை போட்டுவிடலாமே” என்று சிலர் சொல்வதுண்டு. போடலாம். 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி, டாக்டரின் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்கக் கூடிய மருந்துகள் சில. சீட்டின்றி மருந்தாளுநர் தாமே கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துகள் சில. இவற்றைக் கடையில் வைத்து விற்பதற்கான ‘ஏ’ வகை உரிமம் மருந்தாளுநருக்கே வழங்கப்படுகிறது. ஆனால் கடை வாடகை, சரக்கு, கூலி எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். அன்றியும், கிளினிக்குகளே மருந்து கொடுக்கும் நம் நாட்டில் டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வருபவர் குறைவு. ஆகவே சிறிய கடைகள் சத்து மாத்திரையையும் பால் மாவையும் விற்றே நிமிர வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் கணக்கிட்டுப் பார்க்காமல் வீட்டை அடகு வைக்கக் கூடாது.

ஐந்தாவது, வீடும் ஊரும். மருந்தியல் படிப்போரில் பெண்களே அதிகம். சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றல் வந்தால், பையனை அனுப்பும் வீடு பெண்ணைத் தடுக்கிறது. “கல்யாணம் முடிந்த பிறகு போகட்டும்” என்கிறோம். கல்யாணம் முடிந்தால் கணவனின் ஊர்தான் வேலையின் ஊர் ஆகிறது. நோயாளித் தாயார் வீட்டில் இருந்தால், பிள்ளை தானாகவே பக்கத்து ஊரைத் தேடுகிறது. இவை யாவும் நியாயமான காரணங்களே. நாம் வேண்டுவதெல்லாம், இந்தக் காரணத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பதுதான். “அம்மாவுக்கு முடியவில்லை, நீ பக்கத்தில் இருந்தால் எங்களுக்குத் துணை” என்று கேட்பது வேறு. “இந்த வேலைதான் உனக்கு நல்லது” என்று சாக்குச் சொல்வது வேறு. முதலாவதைப் பிள்ளை மனமுவந்து ஏற்கும். இரண்டாவதைப் பிற்காலத்தில் மன்னிக்காது.

நேயர்களே, கடை, மருத்துவமனை இரண்டு மட்டுமே பாதைகள் அல்ல. மருந்துகளை ஆலையில் தயாரிக்கவும் சோதிக்கவும் ஆட்கள் வேண்டும். நீங்கள் வாங்கும் மருந்துப் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அது அந்த மருந்து அரசாங்கத்தில் பதிவு பெற்றது என்பதற்கு அடையாளம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் மருந்தின் தரத்தை ஆராய்ந்து அந்தப் பதிவுக்கு வழி செய்பவர்களில் மருந்தாளுநர்களும் உண்டு. போலி மருந்து விற்கும் கடைகளில் சோதனை நடத்தும் அமலாக்க அதிகாரிகளிலும் மருந்தாளுநர்கள் உண்டு. புற்று நோய்க்கான மருந்துகளைத் தனி அறையில் பாதுகாப்பாகக் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. மேற்படிப்புப் படித்துப் பல்கலைக் கழகத்தில் போதிப்பவர்களும் உண்டு. பிள்ளைக்கு இவையெல்லாம் தெரியும். வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் பேச்சு எளிதாகும்.

இன்னொரு காரணத்தைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தோம். அது நம் மக்களின் தேவை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. நம் வீட்டுப் பாட்டிமார்களை எண்ணிப் பாருங்கள். மாத்திரை உறையில் மலாயில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது. காலை மாத்திரை வெள்ளை, இரவு மாத்திரை மஞ்சள் என்று நிறத்தை வைத்தே விழுங்குகிறார்கள். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்தால் நிறம் மாறிவிடுகிறது, குழம்பிப் போகிறார்கள். அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதாரக் கிளினிக்குகளிலும் நீரிழிவு நோயாளிகளைத் தனியே உட்கார வைத்து, மருந்தைச் சரியாக எடுக்கிறார்களா என்று மருந்தாளுநர் விசாரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த நாற்காலியில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தால், பாட்டி உண்மையைச் சொல்வார். “ஊசி போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது, அதனால் போடவில்லை” என்பதைத் தம் மொழியில்தான் சொல்ல முடியும். இதை உணர்ந்த பிள்ளைகள் சிலர், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் இந்த வேலையைத் தேர்ந்துகொள்கிறார்கள். அப்படிச் செய்தே தீர வேண்டும் என்று நாம் யாரையும் வற்புறுத்த வரவில்லை. ஆனால் அத்தகைய பிள்ளை நம் வீட்டில் இருந்தால், “பிழைக்கத் தெரியாதவன்” என்று பெயர் வைக்காமலாவது இருப்போம்.

சரி, அந்தப் பேரா மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். சரவாக்குக்குப் போனாள். தாயார்தான் பெட்டி கட்டிக் கொடுத்தார். இரண்டு தீபாவளிக்கு அவளால் வீட்டுக்கு வர இயலவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, நிரந்தர இடம் கிடைக்கவில்லை. மனம் உடைந்துதான் திரும்பினாள். அப்போது வீட்டில் யாரும், “அன்றே ஈப்போவுக்குப் போயிருக்கலாம்” என்று சொல்லவில்லை. தந்தை மீண்டும் அதே கேள்வியைத்தான் கேட்டாராம்: “அடுத்து என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறாய், அம்மா?” இன்று அவள் சிறு பட்டணம் ஒன்றில் மருந்தகத்தில் இருக்கிறாள். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கும் பழக்கத்தை மருத்துவமனையிலிருந்து கொண்டு வந்திருக்கிறாள். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் அவள் இருக்கும் நேரம் பார்த்து வருகிறார்கள்.

முதல் வேலை முடிந்த முடிவன்று என்பதற்கு இதுவே சான்று. இந்தத் தொழிலில் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் வீண் போவதில்லை.

எனவே, மருந்தியல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டார்க்கு நாம் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளை வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆண்டில் எந்த இடத்தில் பயிற்சி பெற்றாய்? அங்கே உனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது? கடனையும் வீட்டு நிலையையும் எண்ணாமல் சொல்வதானால் நீ எந்த வேலைக்குப் போவாய்? பதிலைக் கேட்ட பிறகு, கடனையும் வீட்டு நிலையையும் நீங்களே எடுத்து நடுவில் வையுங்கள். எவ்வளவு பாக்கி, எவ்வளவு வருமானம், யாரை யார் பார்த்துக்கொள்வது என்று கணக்காகப் பேசுங்கள். பட்டம் கையில் வந்து, விண்ணப்பக் கெடு தலைக்கு மேல் நிற்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கினால், பிள்ளையும் யோசிக்கும், நாமும் யோசிப்போம்.

படிக்காத நமக்கு அதில் என்ன தெரியும் என்று ஒதுங்க வேண்டாம். குலை வெட்டும் அந்தத் தந்தைக்கு மருந்தியல் தெரியாது. கேட்கத் தெரிந்திருந்தது. அவர் மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.